40 மி.மீ. இறக்கிய வண்டியில் பின் டயர் உரசுகிறது: மட்கார்டு விளிம்பை மடிக்கலாமா?

நீலவண்டி:
வணக்கம். ஸ்பிரிங் மாற்றி வண்டியை 40 மி.மீ. இறக்கி மூன்று வாரம் ஆகிறது. கூடவே ரிம்மும் மாற்றினேன். முன்பு இருந்தது 16 அங்குலம், 6.5 அகலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் மாட்டும் முகத்துக்கும் உள்ள தூரம், மி.மீ.) 45, டயர் 205/55R16. இப்போது 17 அங்குலம், 8 அகலம், ஆஃப்செட் 35, டயர் 225/45R17. தனியாக ஓட்டினால் ஒரு சத்தமும் இல்லை. பின் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து, ஒரு பள்ளம் இறங்கி ஏறினால் போதும், பின்னாலிருந்து ‘ஸர்ர்’ என்று கேட்கிறது. டயரின் வெளித்தோளில் சுற்றிலும் ஒரு கோடு விழுந்திருக்கிறது. நகத்தை வைத்தால் மாட்டுகிறது. முன்பக்கம், ரிவர்ஸில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது பிளாஸ்டிக் லைனரில் தொடுகிறது.

ரிம் விற்ற கடையில் “அப்படியே உட்காரும், ஒன்றும் செய்ய வேண்டாம்” என்றார்கள். இப்போது ஒரு நண்பர் மட்கார்டு விளிம்பை மடித்துவிடு என்கிறார், இன்னொருவர் உயரத்தைக் கூட்டு என்கிறார். பின்னால் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் ஒரே குறுக்குச் சட்டம். எது சரி?

இரும்புக்கை:
மடித்துவிடுங்கள். மட்கார்டின் உள்பக்கம் ஒரு விளிம்பு உள்நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும், கைவிட்டுப் பாருங்கள். என் வண்டியில் அது 12 மி.மீ. இருந்தது. ஹப்பில் போல்ட் போட்டு மாட்டும் ரோலர் கிடைக்கிறது. ஹீட் கன்னால் பெயின்ட்டைச் சூடாக்கி, ரோலரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி முன்னும் பின்னும் உருட்டினால் விளிம்பு மேல்நோக்கி மடிந்து ஒட்டிக்கொள்ளும். நான்கு வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன், உரசல் இல்லை. இறக்கிய வண்டியைத் திரும்ப ஏற்றுவதற்கு எதற்கு ஸ்பிரிங் மாற்றினீர்கள்?

பழைய ஸ்பேனர்:
தம்பி, அவசரப்பட்டு மடிக்காதே. பின் மட்கார்டின் விளிம்பு ஒற்றைத் தகடு இல்லை. வெளித்தகடும் உள்ளே இருக்கும் சக்கரக் கூட்டின் தகடும் அங்கேதான் ஸ்பாட் வெல்டில் சேர்கின்றன, நடுவில் சீலன்ட் இருக்கும். மடிக்கும்போது அந்தச் சீலன்ட் பிளக்கும். வெளியே பெயின்ட் நன்றாகத்தான் தெரியும். உள்ளே தண்ணீர் புகுந்து துரு பிடிப்பது இரண்டு வருடம் கழித்துக் கொப்பளமாக வெளியே வரும்போதுதான் தெரியும். அப்புறம் அந்த இடத்தை வெட்டி எடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும். நான் எத்தனையோ வண்டியில் பார்த்துவிட்டேன்.

10 மி.மீ. உயரமான ஸ்பிரிங்குக்கு மாறு. பிரச்சினை தீரும்.

அளவுகோல்:
இரண்டு பேரும் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள். ரிம் 1.5 அங்குலம் அகலமாகியிருக்கிறது, அதாவது பக்கத்துக்கு 19 மி.மீ. ஆஃப்செட் 10 குறைந்ததால் சக்கரம் முழுதாக 10 மி.மீ. வெளியே வந்திருக்கிறது. ஆக ரிம்மின் வெளி ஓரம் பழையதைவிட 29 மி.மீ. வெளியே நிற்கிறது, உள் ஓரம் 9 மி.மீ. மட்டும் உள்ளே போயிருக்கிறது. உயரத்தில் ஒன்றும் மாறவில்லை: 205/55R16-இன் விட்டம் 632 மி.மீ., 225/45R17-இன் விட்டம் 634. டயர் பெரிதாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அது வெளியே வந்துவிட்டது. அவ்வளவுதான்.

அதே 8 அகலத்தில் ஆஃப்செட் 45 எடுத்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது என்பது என் கருத்து. உள்பக்கம் ஸ்ட்ரட்டுக்கும் பீமுக்கும் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்க வேண்டும்.

சாய்மானம்:
ரிம் வாங்கியாகிவிட்டது. கேம்பரை, அதாவது சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வை, கொஞ்சம் நெகட்டிவ் ஆக்கினால் டயரின் மேல்பக்கம் உள்ளே சாயும். ஒரு டிகிரிக்கு, சக்கர மையத்திலிருந்து கணக்குப் போட்டால், மேல் ஓரம் ஏறக்குறைய 5.5 மி.மீ. உள்ளே போகும். தகட்டில் கைவைக்கவே வேண்டாம்.

அளவுகோல்:
முன்பக்கம் கேம்பர் போல்ட் போடலாம், சரி. அவர் கேட்பது பின்பக்கம், அதுவும் டார்ஷன் பீம். பெரும்பாலான பீமில் கேம்பரைத் திருக ஒரு போல்ட்கூட இருக்காது. ஹப்புக்கும் பீமுக்கும் நடுவில் ஷிம் என்ற ஆப்பு வடிவ மெல்லிய தகடு வைக்கலாம். ஆனால் ஷிம்மைக் கொஞ்சம் திரும்பி வைத்தாலும் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) மாறிவிடும். டயரின் உள்பக்கத்தைத் தின்பது கேம்பரைவிட டோதான். இன்னொன்று: இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது பீமில் கேம்பர் பெரிதாக மாறாது. ஒவ்வொரு சக்கரத்தையும் பல கைகள் தனியாகப் பிடிக்கும் மல்டிலிங்க் வண்டிகளில் சக்கரம் மேலே போகப் போக உள்ளே சாய்ந்து மட்கார்டுக்குள் ஒதுங்கும். இங்கே நேராக மேலே போய் விளிம்பில்தான் முட்டும்.

தூசிப்பாதை:
நீலவண்டி நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி. ஸ்பிரிங் மாட்டும்போது பம்ப் ஸ்டாப்பை (சக்கரம் மேலே ஏறுவதைக் கடைசியில் தடுக்கும் கட்டையை) வெட்டினார்களா?

நீலவண்டி:
ஆமாம். ஸ்பிரிங்குடன் வந்த தாளில் வெட்டச் சொல்லியிருந்தது என்றார்கள். பழைய துண்டை என்னிடம் கொடுத்தார்கள், இப்போது அளந்தேன், 22 மி.மீ. அதற்கும் உரசலுக்கும் என்ன சம்பந்தம்?

தூசிப்பாதை:
முழுச் சம்பந்தமும் அங்கேதான். வண்டியை இறக்கினால் சக்கரம் அதிக உயரத்துக்கு ஏறும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. சக்கரம் கடைசியாக எவ்வளவு மேலே போகலாம் என்பதை முடிவுசெய்வது பம்ப் ஸ்டாப். ஸ்பிரிங் எவ்வளவு குட்டையானாலும் அந்த எல்லை நகராது. குட்டை ஸ்பிரிங் செய்வது ஒன்றே ஒன்று: எப்போதோ ஒருமுறை எட்டிய எல்லையைத் தினமும் எட்ட வைக்கிறது. ஸ்டாப்பை 22 மி.மீ. வெட்டினீர்களே, அதுதான் எல்லையையே மேலே தள்ளியது. கம்பெனி பார்த்து வைத்த இடத்தையும் தாண்டி சக்கரம் இப்போது ஏறுகிறது, அதுவும் 29 மி.மீ. வெளியே நின்றுகொண்டு.

அதனால்தான் ‘10 மி.மீ. உயர்த்து’ என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உயர்த்தினால் உரசல் குறையும், நிற்காது. நான்கு பேரும் பெட்டியும் ஏறிய அன்று அதே சத்தம் வரும், அதுவும் வேகத்தில். வெட்டாத ஸ்டாப்பை மாட்டுங்கள்.

பழைய ஸ்பேனர்:
தூசிப்பாதை சொல்லும் எல்லைக் கணக்கு சரி, அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் வெட்டச் சொன்னவன் காரணம் இல்லாமலா சொன்னான்? 40 இறக்கிய பிறகு முழு ஸ்டாப்பை வைத்தால், இரண்டு பேர் ஏறினவுடன் வண்டி ஸ்டாப் மேலேயே உட்கார்ந்துவிடும். அது ரப்பர் மாதிரி நசுங்கும் ஃபோம், உண்மையில் இன்னொரு ஸ்பிரிங். வளைவில் போகும்போது பின்பக்கம் மட்டும் திடீரென்று விறைத்துக்கொண்டால் பின்சக்கரம் பிடி விடும். ஈரச் சாலையில் அது விளையாட்டு இல்லை. உரசலை நிறுத்தப் போய் வால் வழுக்கும் வண்டியைக் கையில் கொடுக்காதீர்கள்.

தூசிப்பாதை:
அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதற்கு விடை ஸ்டாப்பை இன்னும் குட்டையாக்குவது இல்லை. டயர் தகட்டில் மாட்டினாலும் பின்பக்கம் விறைக்கும், கூடவே டயரும் அறுபடும்.

நீலவண்டி, யார் சொல்வதையும் கேட்காமல் முதலில் அளந்து பாருங்கள். டார்ஷன் பீமில் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி, அதனால் இது சுலபம். வண்டியின் பாடியை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை நீட்ட வேண்டாம். பின் ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு, சக்கரத்தை மாட்டி, பீமை ஜாக்கியால் மெதுவாக உயர்த்துங்கள். விளிம்பில் சாக்பீஸைத் தடவி வையுங்கள். டயர் எங்கே, ஸ்டாப் தொடுவதற்கு எத்தனை மில்லி முன்னால் தொடுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கியும் பாருங்கள்.

முன்பக்கம் பெரிய விஷயம் இல்லை. லைனர் கிளிப் ஒன்று விழுந்து அது தொங்கிக்கொண்டிருக்கலாம். லைனரை ஹீட் கன்னால் இளக்கி உள்ளே தள்ளலாம், பின்னால் வயர் போகிறதா என்று பார்த்துவிட்டு.

இரும்புக்கை:
அளந்துவிட்டு வாருங்கள், அப்புறமும் மடிக்கத்தான் வேண்டியிருக்கும். பழைய ஸ்பேனர் அண்ணா சொன்ன துரு உண்மைதான், ஆனால் மடிக்கும் ஆள் சரியில்லை என்றால்தான் அது வரும். கை வைத்தால் ஒரு நொடிக்கு மேல் தாங்காத சூடு, சுமார் 60 டிகிரி, அது இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே இழுப்பில் மடிக்கக் கூடாது. நான் பதினைந்து இருபது முறை உருட்டினேன். முடிந்ததும் உள்பக்கம் புதிதாகச் சீலன்ட் பூசி, அதன் மேல் பெயின்ட், அதன் மேல் மெழுகு அடித்தேன். ஏற்கெனவே பட்டி போட்டு டிங்கரிங் செய்த மட்கார்டு என்றால் மட்டும் வேண்டாம், பட்டி கண்டிப்பாகப் பிளக்கும்.

பழைய ஸ்பேனர்:
அப்படிச் செய்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பத்தில் எட்டுப் பேர் கிரிக்கெட் மட்டையை டயருக்கும் தகட்டுக்கும் நடுவில் சொருகி வண்டியை உருட்டி மடிக்கிறார்கள், சீலன்ட் என்ற பேச்சே இல்லை. என் கோபம் அதன் மேல்தான்.

நீலவண்டி:
ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதற்கே போயிற்று. இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுத் தூக்கினேன். வெட்டிய ஸ்டாப் தொடுவதற்கு 8 மி.மீ. இருக்கும்போதே டயரின் தோள் விளிம்பில் முட்டிவிடுகிறது. சாக்பீஸ் கோடு மட்கார்டின் உச்சியில் இல்லை, கொஞ்சம் பின்னால், பம்பர் சேரும் இடத்தை ஒட்டி இருக்கிறது. நான் உச்சியில் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். அங்கே பம்பரைப் பிடிக்கும் ஒரு ஸ்க்ரூவின் தலையும் கீழ்நோக்கி நிற்கிறது. டயரில் விழுந்த கோடு அந்தத் தலை போட்டதுதான், இரண்டும் சரியாகப் பொருந்துகிறது.

வெட்டாத புது ஸ்டாப் போட்டுப் பார்த்தேன். அது தொடும்போது டயருக்கும் விளிம்புக்கும் 14 மி.மீ. இருக்கிறது. ஆனால் ஓடும்போது ஸ்டாப் அதற்கு மேலும் நசுங்கும் அல்லவா? அகலவாக்கில் டயர் விளிம்புக்கு அடியில் 7 மி.மீ. போகிறது.

தூசிப்பாதை:
நசுங்கும், 14-க்கு மேலேயே. அதனால் ஸ்டாப் மட்டும் போதாது என்று ஒப்புக்கொள்கிறேன். 7 மி.மீ. என்றால் உங்கள் விளிம்பை முழுவதும் மடிக்கத் தேவையில்லை, அந்தப் பின் பாதியை மட்டும் மடித்தால் போதும். ஸ்க்ரூவை முதலில் எடுங்கள், தட்டைத் தலை உள்ளதாக மாற்றுங்கள் அல்லது திருப்பி மாட்டுங்கள்.

அளவுகோல்:
அடுத்த டயருக்கு 215/45R17 பாருங்கள். 8 அங்குல ரிம்முக்கு அது பொருந்தும். பக்கத்துக்கு 5 மி.மீ. குறையும், ஆரத்தில் இன்னும் 4.5 மி.மீ. கிடைக்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: அந்த அளவில் சாதாரண டயரின் லோடு இண்டெக்ஸ் (ஒரு டயர் தாங்கும் எடையின் குறியீடு) 87, அதாவது 545 கிலோ. உங்கள் பழைய டயர் 91 என்றால் 615 கிலோ. ஆகவே கூடுதல் எடை தாங்கும், எக்ஸ்எல் என்று போட்ட 91 டயரைத்தான் வாங்க வேண்டும். பின் சீட்டில் ஆள் ஏற்றும் வண்டிக்கு இதில் சமரசம் கூடாது.

பழைய ஸ்பேனர்:
இப்போது இருக்கும் டயரில் அந்தக் கோட்டை விரித்துப் பார்த்தாயா தம்பி? ரப்பருக்கு உள்ளே இருக்கும் நூல் தெரிந்தால் இன்றே கழற்றிவிடு.

நீலவண்டி:
டார்ச் அடித்து, கோட்டை விரலால் விரித்து, சுற்றிலும் பார்த்தேன். இடப்பக்க டயரில் ரப்பர் மட்டும்தான் போயிருக்கிறது. வலப்பக்க டயரில் ஓர் இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு, வெள்ளையாக நூல் தெரிகிறது. அதைக் கழற்றிவிட்டேன். பழைய 16 அங்குலச் சக்கரங்கள் நான்கும் மாடியில் இருந்தன, இப்போது அவைதான் வண்டியில். ஸ்க்ரூவை மாற்றியாகிவிட்டது, வெட்டாத ஸ்டாப்பும் ஏறிவிட்டது. இந்த வாரம் இரண்டு பேரைப் பின்னால் உட்கார வைத்து ஈரச் சாலையில் மெதுவாக ஓட்டிப் பார்க்கிறேன். பின்பக்கம் விறைப்பதாகத் தெரிந்தால், மடிப்பதற்கு முன்பே பழைய ஸ்பேனர் அண்ணா சொன்ன ஸ்பிரிங்கைத் தேடுவேன்.