ஐந்து வரிசை எல்இடி ஸ்ட்ரிப் போட்டும் நாற்று நூல் மாதிரி நீளுகிறது

கேட்டவர்: துளிர்2

ஜன்னல் வெளிச்சமே இல்லாத அறையில் 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் உள்ள ரேக் ஒன்றில் தக்காளி நாற்றும் லெட்டூஸும் வளர்க்கிறேன். 24 வோல்ட் வெள்ளை ஸ்ட்ரிப், மீட்டருக்கு 14.4 வாட். ப்ளைவுட் பலகையின் அடியில் சம இடைவெளியில் ஐந்து வரிசை ஒட்டி, ஒரு வரிசை முடிகிற இடத்திலிருந்து அடுத்ததற்கு வயர் இழுத்து, 72 வாட் பவர் சப்ளையில் கொடுத்திருக்கிறேன். பலகை செடிக்கு 60 செ.மீ. மேலே இருக்கிறது, தினமும் 14 மணி நேரம் எரிகிறது. பார்த்தால் கண் கூசுகிறது, ஆனால் தக்காளித் தண்டு நூல் மாதிரி நீண்டுகொண்டே போகிறது, ஓரத்தில் இருப்பவை எல்லாம் நடுவைப் பார்த்துச் சாய்கின்றன. போனில் அளந்தால் நடுவில் 4,500 லக்ஸ் (கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அளவு), ஓரத்தில் 2,000. கடைசி வரிசை மங்கலாக எரிகிறது, ஓரிடத்தில் பசை விட்டுத் தொங்கவும் ஆரம்பித்துவிட்டது. இன்னொரு 5 மீட்டர் வாங்கிச் சேர்க்கலாமா, இல்லை ஊதா நிற குரோ லைட்டுக்கு மாறிவிடலாமா?

இலைக்கணக்கு:

இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். இருக்கிற வெளிச்சத்தில் பாதிக்கு மேல் செடிக்கு வராமல் அறைக்குள் சிதறிப்போகிறது. வெள்ளை எல்இடிக்கு லக்ஸை ஏறக்குறைய 65ஆல் வகுத்தால், ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு விழும் ஒளி எத்தனை மைக்ரோமோல் என்று வரும், செடிக்குக் கிடைக்கும் ஒளித்துகள்களை எண்ணும் அளவு அது. உங்களுக்கு நடுவில் சுமார் 70. அதை 14 மணி நேரத்தால் பெருக்கி, 0.0036ஆல் பெருக்கினால் ஒரு நாள் ஒளி 3.5 மோல். ஓரத்தில் அதில் பாதிகூட இல்லை. லெட்டூஸ் நன்றாக வர ஒரு நாளைக்கு 12 மோலுக்கு மேல் வேண்டும், காய்க்கிற தக்காளிக்கு 20ஐத் தாண்ட வேண்டும். நம் கண் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி சுருங்கிக்கொள்ளும், அதனால் கண்ணை நம்பி இதை முடிவு செய்யவே முடியாது.

பலகையை 20 செ.மீ.க்கு இறக்குங்கள். மூன்று பக்கமும் பளபளப்பில்லாத வெள்ளை அட்டை நிறுத்துங்கள், கசங்கிய அலுமினிய ஃபாயிலைவிட அது ஒளியைச் சீராகத் திருப்பும். அப்புறம் அந்தச் சம இடைவெளி. நடு வரிசைக்குக் கீழே இருக்கும் செடிக்கு இரண்டு பக்கத்து வரிசைகளும் வெளிச்சம் தருகின்றன, ஓரத்துச் செடிக்கு ஒரு பக்கத்திலிருந்துதான் வருகிறது. அதனால் ஓர வரிசைகளை நெருக்கி நடுவில் இடைவெளி விடுங்கள். நேரத்தை 16 மணியாக்கலாம், ஆனால் இரவு முழுக்க எரியவிடாதீர்கள், தக்காளி இலை இருட்டே இல்லாவிட்டால் வெளிறிப்போகும்.

நீண்டுவிட்ட தக்காளியைத் தூக்கிப் போட வேண்டாம். விதையிலை வரைக்கும் மண்ணில் புதைத்து நடுங்கள், புதைந்த தண்டிலிருந்தே வேர் விடும்.

செப்புக்கம்பி:

கடைசி வரிசை மங்குவது வோல்டேஜ் இறக்கத்தால். ஸ்ட்ரிப்புக்குள் ஓடும் செப்புப் பட்டை மெல்லியது, ஐந்து வரிசைக்கும் தேவையான மின்னோட்டம் முதல் வரிசை வழியாகவே போகிறது. தொடராக இழுக்காமல் ஒவ்வொரு வரிசைக்கும் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் கொடுங்கள், பிளஸ் மைனஸ் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாலரை மீட்டருக்கு 65 வாட் ஆகிறது, 72 வாட் சப்ளையை இப்படித் தினமும் விளிம்பில் ஓட்டினால் சூடேறிச் சீக்கிரம் போய்விடும், 100 வாட்டுக்கு மாற்றுங்கள்.

பசை விட்டதற்குக் காரணம் சூடு. ப்ளைவுட் சூட்டை வெளியே விடாது, ஸ்ட்ரிப்பை அலுமினிய சேனலில் ஒட்டுங்கள், எல்இடியின் ஆயுளும் கூடும். உலோகத்துக்கு எர்த் கட்டாயம். தண்ணீர் ஊற்றுகிற இடம் என்பதால் வயரைப் பிளக்குக்குக் கீழே கொஞ்சம் தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், வழிகிற நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

நடுக்கணு:

ஊதா விளக்குக்கு அவசியமே இல்லை. வெள்ளை எல்இடிக்குள் இருப்பது 450 நானோமீட்டர் பக்கம் ஒளிரும் நீலச் சில்லுதான், மேலே இருக்கும் மஞ்சள் பூச்சு அதில் ஒரு பகுதியைப் பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றுகிறது. பச்சை ஒளி செடிக்கு வீண் என்று சொல்வது தவறு, மெக்ரீ என்பவர் பல பயிர்களில் அளந்து 1972இலேயே இதைக் காட்டிவிட்டார். நீலமும் சிவப்பும் மேல் அடுக்கிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், பச்சை இலைக்குள் இன்னும் ஆழமாகப் போகும். இன்னொன்று, ஊதா வெளிச்சத்தில் இலை கறுப்பாகத்தான் தெரியும், மஞ்சளாகிறதா பூச்சி இருக்கிறதா என்று பார்க்கவே முடியாது. ஒரு சின்ன ஃபேனும் வையுங்கள், லேசாக அசைகிற தண்டு தடிக்கும்.

துளிர்2:

ஒன்பது நாள் ஆகிறது. பலகையை இறக்கி, வெள்ளை அட்டை வைத்து, ஒவ்வொரு வரிசைக்கும் தனி வயர் போட்டேன். இப்போது நடுவில் 9,800, மூலையில் 8,100 லக்ஸ். புதைத்து நட்ட தக்காளியில் புது இலைகள் கரும்பச்சையாக, ஒரு கணுவுக்கும் அடுத்ததற்கும் விரல் அகலம்தான் இடைவெளி. சாய்ந்தவை நிமிர்ந்துவிட்டன. சேனலைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது, கையை எடுக்கத் தேவையில்லை. இது சரிதானே?

செப்புக்கம்பி:

சரிதான். கை வைத்திருக்க முடிந்தால் கவலை இல்லை. செடி உயர உயரப் பலகையையும் ஏற்ற வேண்டியிருக்கும், ஆணியடித்து நிரந்தரமாக்காமல் சங்கிலியில் தொங்கவிடுங்கள்.