3,846 எரர் காட்டுகிறது, எங்கே கை வைப்பது?

தேரடிக்காரி:

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு கன்டெய்னர் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ். அங்கே சாஃப்ட்வேர் என்றால் நான் ஒருத்திதான். டிரிப் ஷீட், டீசல், டிரைவர் பேட்டா, பெட்டிக் கதவில் போடும் சீலின் நம்பர் எல்லாம் பிஹெச்பி மொழியில் எழுதிய ஒரே அப்ளிகேஷன். 2013இல் யாரோ எழுதி, பிறகு மூன்று பேர் கை மாறி, இப்போது என் தலையில். கோடு முழுக்கத் தேடினால் கிடைக்கும் ஒரே கமென்ட்: 'இதைத் தொடாதே'.

போன வாரம் வண்டிகள் எல்லாம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசையில் மாட்டிக்கொண்டதால் ஆபீஸில் வேலை இல்லை. சும்மா உட்காருவானேன் என்று, புரோகிராமை ஓட்டாமலே கோடைப் படித்துத் தப்பைக் காட்டும் பிஹெச்பிஸ்டான் என்ற டூலைப் போட்டு ஓட்டினேன். லெவல் ஏற ஏறக் கண்டிப்பு கூடும். லெவல் 0இல் 212 எரர். ஆசைப்பட்டு லெவல் 5 வைத்தேன், 3,846. சரியாக அந்த நேரம் பார்த்து ஓனர் பின்னால் வந்து நின்றார். "இன்னாமா இது, இம்மாந் தப்பா? அப்ப இத்தினி வருசமா எப்டி ஓடிச்சு?" எனக்குப் பதில் வரவில்லை. பில் போடும் ஃபைல் மட்டும் 2,900 வரி. அதில் ஒரே ஒரு ஃபங்ஷன் 640 வரி.

மேலிருந்து ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே போகவா, இல்லை மூடிவைத்துவிட்டு டீ குடிக்கப் போகவா? டெஸ்ட் ஒன்றுகூடக் கிடையாது. அதையும் சொல்லிவிடுகிறேன், திட்டாதீர்கள்.

ராயபுரம் ரயிலடி:

டீ குடித்துவிட்டு வாங்க. அப்புறம் லெவல் 0 மட்டும் எடுங்கள். அதில் வருவதெல்லாம் இல்லாத ஃபங்ஷனைக் கூப்பிடுவது, இல்லாத கிளாஸ், ஆர்குமென்ட் குறைவாகக் கொடுப்பது மாதிரி. அந்த வரிக்குப் போனால் புரோகிராம் விழும். இதுவரை யாரும் அந்தப் பக்கம் போகவில்லை, உங்கள் ஓனர் கேள்விக்கும் அதுதான் பதில்.

மீதியை பேஸ்லைனில் போடுங்கள். இன்றைக்கு இருக்கும் எரரை எல்லாம் ஒரு ஃபைலில் எழுதி வைத்துக்கொண்டு, நாளையிலிருந்து புதிதாக முளைப்பதை மட்டும் காட்டும். நாங்கள் அப்படிச் செய்யாமல் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் திருத்த உட்கார்ந்தோம். டைப்பை, அதாவது எந்த இடத்தில் எந்த வகை மதிப்பு என்பதைச் சரிபண்ணும் ஜோரில், காலி ஸ்ட்ரிங் இருந்த இடத்தில் 'மதிப்பே இல்லை' என்று சொல்லும் null வைத்தாயிற்று. டூல் பச்சை காட்டியது. ஒரு மாத ரசீதில் ஜிஎஸ்டி நம்பரே அச்சாகவில்லை.

இன்னொன்று. சீல் நம்பர் ஓடும் இடம் என்கிறீர்கள். பிஹெச்பிஸ்டானுக்கு ஸ்டிரிக்ட் ரூல்ஸ் என்று துணைப் பேக்கேஜ் உண்டு. அதையும் சேர்த்து ஓட்டி, == போட்டு ஒப்பிட்டிருக்கும் இடங்களை மட்டும் தனியாகப் பாருங்கள்.

வியாசர்பாடி வாய்க்காரன்:

பேஸ்லைன் என்பது பரண். ஏற்றின சாமான் இறங்காது. எங்கள் டீமில் அவசரம் வந்தால் பேஸ்லைனையே மறுபடி ஜெனரேட் பண்ணி, புது எரரையும் சேர்த்து மேலே தள்ளிவிடுவார்கள். அந்த ஃபைல் பெருத்தால் ஏன் என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். அக்கா தனி ஆள், யார் கேட்பது?

பெரம்பூர் பழைய ஆள்:

பரணில் ஏற்றுவதற்கு முன் ஒரு வகையை மட்டும் கையால் புரட்டிப் பாரம்மா. 'இந்த வரிக்கு எப்போதும் வர முடியாது', 'இந்த கண்டிஷன் எப்போதும் உண்மை' என்று லெவல் 4 சொல்லும் சமாச்சாரம். 2014இல் ஆப்பிளின் எஸ்எஸ்எல் (இணைய இணைப்பைப் பாதுகாக்கும் முறை) புரோகிராமில் 'goto fail' (தோல்விப் பகுதிக்குத் தாவு) என்ற ஒரே வரி அடுத்தடுத்து இரண்டு முறை விழுந்துவிட்டது. முதலாவதற்கு மேலே இஃப் இருந்தது, இரண்டாவதற்கு இல்லை. அதனால் கீழே இருந்த கையெழுத்துச் சோதனை நடக்காமலேயே 'எல்லாம் சரி' என்று திரும்பியது. இரண்டு வரியும் ஒரே தள்ளலில் நின்றதால் கண்ணுக்குத் தெரியவில்லை. ஓடாத வரியைக் காட்டும் வார்னிங், சி மொழிக்கான கிளாங் கம்பைலரில் இருக்கிறது. ஆனால் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். -Wall என்று எல்லா வார்னிங்கையும் கேட்பது போலக் கேட்டாலும் அது வராது.

டூலை ரொம்பவும் நம்பாதே. கன்டெய்னர் நம்பரில் நாலு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் சரிபார்ப்பு இலக்கம் ஒன்று. எழுத்துகளுக்கு மதிப்புக் கொடுக்கும்போது 11, 22, 33 மூன்றையும் தாண்ட வேண்டும். ஏ 10 என்றால் பி 12. மணலியில் ஒரு யார்டுக்கு எழுதிக் கொடுத்தபோது நான் பி 11 என்று போட்டுத் தொலைத்தேன். டைப் எல்லாம் சுத்தம், எந்த டூலும் வாய் திறக்கவில்லை. யார்டுக்குள் நடந்து பத்துப் பெட்டியின் நம்பரைக் குறித்துவந்து டெஸ்ட் எழுதியபோதுதான் பிடிபட்டது.

தேரடிக்காரி:

எல்லாருக்கும் நன்றி. 212இல் பாதிக்கு மேல் யாரும் திறக்காத இரண்டு ரிப்போர்ட் பக்கங்களில் இருந்தது. திருத்தவில்லை, தூக்கிவிட்டேன்.

ராயபுரம் அண்ணே, == விஷயம். பேப்பரில் இருக்கும் சீல் நம்பரையும் டிரைவர் பெட்டியைப் பார்த்துச் சொல்லும் நம்பரையும் ஒப்பிட்டு, வேறாக இருந்தால் சிவப்புக் காட்ட வேண்டிய வரி அதில் வந்தது. போன மழைக்காலத்தில் ஒரு பெட்டி கேட்டில் சீல் ஒத்துவரவில்லை என்று நின்றுபோனது. எங்கள் ஸ்கிரீனில் பச்சைதான் காட்டியது. வண்டி இரவு முழுக்க ரோட்டில். டிரைவர் அண்ணன் சீலைப் பார்க்காமல் சொல்லிவிட்டார் என்று அவர் பேட்டாவைப் பிடித்தார்கள்.

பழைய என்ட்ரியைத் தோண்டினேன். இரண்டு நம்பருமே பூஜ்யம், அடுத்து ஈ என்ற ஆங்கில எழுத்து, பிறகு வெறும் இலக்கங்கள். கடைசி இலக்கம்தான் வேறு. == போட்டால் பிஹெச்பி அதை எழுத்தாகப் பார்ப்பதில்லை; ஈ-க்குப் பின்னால் இருப்பதைப் பத்தின் அடுக்காக எடுத்துக்கொள்கிறது. பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே. பூஜ்யமும் பூஜ்யமும் சமம், பச்சை. பிஹெச்பி 8இல் போட்டுப் பார்த்தேன், அதிலும் அப்படியேதான். ஒரு சமக்குறி கூடச் சேர்த்து, எழுத்தை எழுத்தாகவே ஒப்பிடும் === ஆக்கினேன், சிவப்பு வந்தது.

அந்த இரண்டு நம்பரையும் பிரின்ட் எடுத்து ஓனர் மேஜையில் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கல்லாவைத் திறந்து பேட்டாவை எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்து, "டார்ச் அடிச்சிப் பாத்துதான் சொன்னேன்னு அன்னிக்கே சொன்னேனா இல்லியா?" என்றார்.

மீதி பரணில்தான் இருக்கிறது. லெவல் 4இல் வந்ததை இந்த வாரம் பார்க்கிறேன். அந்த 640 வரி ஃபங்ஷனை எப்படிப் பிரிப்பது என்று தனியாகக் கேட்கிறேன்.