கிராம சபைத் தீர்மானம்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

வரப்புக்காரன்:
2023 அக்டோபர் 2. எங்கள் ஊருக்கு நூறு பேர் வந்தால்தான் கோரம், அதாவது சபை செல்ல வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை. நாற்பது தலைகூட இல்லை. அப்புறம் நூறு நாள் வேலைக்காரர்களை ஆட்டோவில் அள்ளி வந்தார்கள். நான் போனதே வாய்க்கால் மேல் ஒரு சின்னப் பாலம் கேட்க. பேசினேன், நாலு பேர் தலையாட்டினார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பதிவேட்டைப் புரட்டினால் தீர்மானப் பக்கம் மொட்டையாக இருந்தது. "சாயங்காலம் எழுதிக்கலாம் சார், கை வலிக்குது" என்றார் ஊராட்சிச் செயலர். எழுதியும் விட்டார். பிறகு நகல் வாங்கிப் பார்த்தேன்: "தெருச் சாலையைச் சீரமைத்ததற்கு நன்றி தெரிவித்து ஏகமனதாக." பாலம் என்ற சொல்லே இல்லை. 37-ஆவதாக என் கையெழுத்து.

முன்னாள் வார்டு:
சார், அது வருகைக் கையெழுத்து. நன்றி சொன்னீர்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. இன்னொன்று, கிராம சபையில் எழுதியதாலேயே ஜல்லி வந்து இறங்காது. ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் கூட்டத்தில் வைக்க வேண்டும், எஸ்டிமேட் போட வேண்டும், எங்கள் காலத்தில் காசோலையில் தலைவர், துணைத்தலைவர் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் மோட்டார் பழுது பார்க்க மன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. ஆனால் துணைத்தலைவருக்கும் தலைவருக்கும் ஆகாது. மூன்று மாதம் காசோலை மேஜையிலேயே கிடந்தது. மெக்கானிக் ஒருநாள் வந்தார், ரிப்பேர் செய்த மோட்டாரை மொபெட்டில் வைத்துக் கட்டினார், போய்விட்டார். தொட்டிக்குக் கீழே குடத்தோடு நின்றவர்களிடம் தீர்மான எண்ணையா சொல்ல முடியும்?

மேலூர் பக்கம்:
வெறும் காகிதம் என்று பேசுகிறவர்கள் 2024 நவம்பர் 23 அன்று எங்கள் பக்கம் வந்திருக்க வேண்டும். 1-ஆம் தேதி நடக்கவேண்டிய கிராம சபை அன்றைக்குத் தள்ளிப்போயிருந்தது. மத்திய அரசு ஏலம் விட்ட டங்ஸ்டன் கனிமச் சுரங்கம் எங்கள் பக்கம் வேண்டாம் என்று தீர்மானம். எங்க அம்மாச்சி, "முழுசா வாசி, அப்புறம் கைநாட்டு" என்று சொல்லிவிட்டது. வாசித்ததும் "வேண்டாம்ங்கிறது எந்த இடத்துல இருக்கு, காட்டு" என்றது. எழுத்து தெரியாது, ஆனாலும் அந்தச் சொல்லை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மைப்பெட்டியைத் தொட்டது. டிசம்பர் 9-இல் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23-இல் மத்திய அரசு அந்தச் சுரங்க ஏலத்தையே ரத்து செய்தது.

ஏரிக்கரை:
@மேலூர் பக்கம், ஜனவரியில் மதுரைக்கு அத்தனை ஆயிரம் பேர் நடந்து போனதை ஏன் விட்டுவிட்டீர்கள்? காஞ்சிபுரம் பக்கம் பரந்தூர் விமான நிலையம் வேண்டாம் என்று அங்கே ஏகனாபுரம் கிராமம் எத்தனை கிராம சபையில் தீர்மானம் போட்டிருக்கிறது! ரத்து ஆகிவிட்டதா?

மேலூர் பக்கம்:
நடந்தவர்கள் கையில் பிடித்துக்கொள்ள ஒரு தாள் இருந்தது. அதைத்தான் சொன்னேன்.

பழைய கிளார்க்:
என் அனுபவம் ஒரு வரிதான்: நான் பார்த்த பேரூராட்சியில் கூட்டத்தில் வைத்த முப்பது தீர்மானப் பொருளும் டீ ஆறுவதற்குள் "ஆல் பாஸ்". அதனால் சொல்கிறேன், வாயால் கேட்காதீர்கள். கோரிக்கையை இரண்டு பிரதி எழுதுங்கள், ஒன்றில் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். "என் கோரிக்கையைப் பதிவு செய்யுங்கள்" என்று சபையிலேயே எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். எழுதி முடித்து வாசிக்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். மொட்டைப் பக்கத்தைக் கண்டால் போட்டோ எடுங்கள். நகல் தரவில்லையா, பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமையில் போடுங்கள், முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. மன்ற உறுப்பினராக இருந்தால் ஆட்சேபனையைப் பெயரோடு எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீங்களும் ஏகமனதில் சேர்ந்துவிடுவீர்கள்.

வரப்புக்காரன்:
நகல் வாங்கியதே தகவல் உரிமையில்தான் ஐயா. அதைக் காட்டித் தலைவரிடம் கேட்டேன், "அடுத்த சபையில் வைப்போம்" என்றார். 2025 ஜனவரி 5-உடன் அவர் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் ஊராட்சியைப் பார்க்க அரசு போட்ட தனி அலுவலர் வந்தார். மழை பெய்தால் பிள்ளைகள் இன்னமும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வாய்க்காலில் இறங்குகிறார்கள்.