வார்ட்சியா குகை நகரம்: முட்டி வலி உள்ள அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

கேள்வி (திபிலிசி மாணவி):

வணக்கம். நான் திபிலிசியில் மருத்துவம் மூன்றாம் வருடம் படிக்கிறேன். அக்டோபர் கடைசியில் அப்பாவும் அம்மாவும் திண்டுக்கல்லிலிருந்து முதல் முறையாக ஜார்ஜியா வருகிறார்கள். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். வார்ட்சியா படம் ஒன்றை அனுப்பினேன், அன்றிலிருந்து போனில் அதே பேச்சுதான். அம்மாவுக்கு 58 வயது, வலது முட்டியில் தேய்மானம். ஏறிவிடுவார், படி இறங்குவதுதான் கஷ்டம். ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா? அம்மாவை மேலே கூட்டிப் போகலாமா? அவர் சைவம், சாப்பாட்டுக்கு என்ன வழி? போய் வந்த அண்ணன்கள், அக்காக்கள் சொல்லுங்கள்.

பதில் 1:

நாங்கள் நண்பர்கள் ஆறு பேர் காலையில் கிளம்பி இரவு திரும்பிவிட்டோம். முடியாதது இல்லை. பிடிமானம் உள்ள ஷூ அவசியம்.

பதில் 2 (படித்து முடித்த அக்கா):

ஒரே நாள் வேண்டாம்மா. நான் திபிலிசியில் 6 வருடம் படித்தவள், வார்ட்சியாவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை ஒருநாள் சுற்றுலா வண்டியில். போர்ஜோமி, அகல்ட்சிகே வழியாகப் போகவே நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி, கடைசியில் குகைக்குக் கொடுத்தது ஒரு மணி நேரம். ஓடி ஓடிப் படம் எடுத்தேன், எதையும் பார்க்கவில்லை. வரலாற்று ஆசிரியருக்கு அந்தக் கதி வரக்கூடாது.

இரண்டாம் முறை ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு வீட்டில் இரவு தங்கினேன். அந்த ஆறு ம்ட்க்வாரி, திபிலிசி நடுவே ஓடுகிறதே, அதேதான். காலையில் எதிரே மலையைப் பார்த்தால் தேன்கூட்டைக் குறுக்கே வெட்டி வைத்த மாதிரி இருக்கும். உண்மையில் நடந்ததும் அதுதான். ஜார்ஜிய அரசர் மூன்றாம் கியோர்கி 12ஆம் நூற்றாண்டில் தொடங்கி, அவர் மகள் தமார் அரசி பெரிய மடமாக்கிய இந்த நகரம் மலைக்குள் மறைந்திருந்தது. 1283இல் வந்த நிலநடுக்கத்தில் மலையின் முன்பக்கம் சரிந்து விழுந்தது. இன்று நாம் வெளியில் நின்று பார்ப்பதெல்லாம் ஒரு காலத்தில் உள்ளறைகள். இதை அப்பாவிடம் முன்னாலேயே சொல்லிவிடு; அப்புறம் ஒவ்வொரு துளையையும் வேறு கண்ணோடு பார்ப்பார்.

மேலே போனதும் வளைவுகளோடு ஒரு மணிக்கூண்டு வரும். அது நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டியது. அதை ஒட்டித்தான் மாதா கோயில். அங்கே அவசரப்படாதீர்கள். வடக்குச் சுவரில் கியோர்கியும் தமாரும் நிற்கிறார்கள். அந்த ஓவியத்தின் காலத்தைக் கண்டுபிடித்த விதம் அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும். தமாரின் பெயரோடு 'நீண்ட ஆயுள் தருக' என்ற வேண்டுதல் எழுதியிருக்கிறது, தந்தையின் பெயரோடு இல்லை. ஆக, 1184இல் அவர் இறந்த பிறகு வரைந்தது. திருமணமான பெண்கள் முகத்தைச் சுற்றிக் கட்டும் துணி தமாருக்கு இல்லை. அப்படியென்றால் அவள் கல்யாணத்துக்கு முன்பு, அதாவது 1186க்குள். நான் அந்தச் சுவர் முன்னால் அரை மணி நேரம் நின்றேன். அரசி என்று நாம் சொல்கிறோம், ஜார்ஜியர்கள் அவளை 'மெபே' என்பார்கள், அரசன் என்று.

குகைகளில் எனக்குப் பிடித்தது திராட்சை மது வைத்த அறைகள். 25 அறைகள், தரையில் புதைத்த 185 சாடிகள். வாய் மட்டும் வெளியே தெரியும். ரொட்டி சுட்ட இடம், கல் பெஞ்சுகளோடு சாப்பாட்டுக் கூடம், மருந்து வைக்க மாடம் மாடமாகக் குடைந்த அறை என்று ஒரு ஊரே இருக்கிறது. இன்றும் ஒரு பகுதியில் துறவிகள் வாழ்கிறார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள், சத்தமாகப் பேசாதீர்கள்.

அம்மாவைக் கோயில் வரை தாராளமாகக் கூட்டிப் போ. நடுநடுவே உட்கார்ந்து போனால் போதும். ஆனால் கோயிலுக்குப் பின்னால் தொடங்கும் சுரங்கப்பாதையில் விடாதே. குனிந்து போக வேண்டும், படிகள் செங்குத்து, ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அப்பாவும் நீயும் போங்கள்.

சாப்பாட்டுக்கு 'லோபியோ' கேள். பீன்ஸை மண்சட்டியில் வேகவைத்தது, கூடவே மக்காச்சோள ரொட்டி தருவார்கள். இறைச்சி சேர்த்தும் சில இடங்களில் செய்வதால் முதலிலேயே கேட்டுக்கொள்.

பதில் 3:

முட்டி வலி என்றால் உப்லிஸ்ட்சிகே யோசிக்கலாமே? கோரிக்குப் பக்கம், திபிலிசியிலிருந்து தூரம் குறைவு. அதுவும் பாறையில் குடைந்த நகரம், வார்ட்சியாவைவிட மிகப் பழையது.

திபிலிசி மாணவி:

நன்றி அக்கா. ஒரே ஒரு சந்தேகம். நாங்கள் சுரங்கத்தில் போனால் அம்மா தனியாக எப்படி இறங்குவார்? உப்லிஸ்ட்சிகே பரவாயில்லையா?

பதில் 2 (படித்து முடித்த அக்கா):

உப்லிஸ்ட்சிகே நல்ல இடம்தான். ஆனால் அங்கேயும் பாறை மேல்தான் நடக்க வேண்டும், படியும் உண்டு. அப்பா ஆசைப்பட்டது வார்ட்சியா, அதற்கே போங்கள்.

அம்மாவைத் தனியாக விடாதே. முதலில் அப்பா மட்டும் சுரங்கத்தில் போகட்டும், நீ அம்மாவோடு ஏறிய வழியிலேயே மெதுவாக இறங்கு. இறங்கும்போது வலது காலை முதலில் வைக்கச் சொல், உனக்குத் தெரியாததா. ஒரு கைத்தடி வாங்கிக் கொடு. காலையில் சீக்கிரம் ஏறினால் கூட்டம் இருக்காது, யாரும் பின்னால் நின்று அவசரப்படுத்த மாட்டார்கள். மழை பெய்திருந்தால் அன்று ஏற்றாதே. இரவு தங்குவதால் மறுநாள் கையில் இருக்கும்.

கோயிலுக்குள் பெண்கள் தலையை மூட வேண்டும். நீ ஒரு துப்பட்டா எடுத்துக்கொள். அம்மாவுக்குப் புடவைத் தலைப்பே போதும்.