பாமினியில் உள்ள 214 பக்கங்கள்: ஆங்கிலத்தைத் தொடாமல் யூனிகோடுக்கு மாற்றுவது எப்படி?

எங்கள் ஊர் வாசிகசாலையின் வரலாற்றைப் பெரியப்பா 2004இல் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்தார். 214 பக்கம், ஒரே வேர்ட் கோப்பு. மறுபதிப்புக்காக அதை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியெண் தரும் பொது முறையான யூனிகோடுக்கு மாற்ற ஒரு வாரமாக முயல்கிறேன், முடியவில்லை.

பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் எழுத்துரு. ஆகவே முழுக் கோப்பையும் இணைய மாற்றியில் இட்டால், இடையில் வரும் ஆங்கிலப் பெயர்களும் முகவரிகளும் பொருளற்ற தமிழெழுத்துகளாகிவிடுகின்றன. பக்கத்துக்கு நாலைந்து இடமாவது இருக்கும். ஆங்கிலத்தில் அடிக்குறிப்பு எழுதுவதில் பெரியப்பாவுக்கு அப்படி ஒரு பிரியம்.

எழுத்து எழுத்தாகத் தேடி மாற்றிப் பார்த்தேன். பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் பதிவாகிறது, யூனிகோடில் பின்னால். 'கெ', 'கே', 'கொ' எல்லாம் சிதறிவிட்டன. வேர்ட் தேடலில் எழுத்துருவைக் குறிப்பிட்டால் பாமினிப் பகுதிகள் மட்டும் சரியாகத் தெரிவாகின்றன. ஆனால் அவற்றை வெட்டி, மாற்றி, ஒட்டினால் தடித்த எழுத்தும் அட்டவணைகளும் போய்விடுகின்றன. பிடிஎஃப் ஆக்கி எழுத்துணரியில் (படத்தில் உள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் மென்பொருள்) கொடுத்தேன். கால் குறிக்கும் (ா) 'ர'வுக்கும் இடையே அது தடுமாறுகிறது.

கணினியில் விண்டோஸ் 11, வேர்ட் 2019. லிப்ரே ஆபிஸும் உண்டு. கோப்பு பழைய டாக் (.doc) வகை. இருப்பது யாழ்ப்பாணம், மாத இறுதியில் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும், வடிவமைப்புக் கெடாமல், யூனிகோடுக்கு மாற்றும் மேக்ரோ (வேர்டுக்குள் தானாக இயங்கும் சிறு நிரல்) யாரிடமாவது இருக்கிறதா?