ஃபீட்த்ரூ கெபாசிட்டர்: 100 மெகாஹெர்ட்ஸில் இன்செர்ஷன் லாஸ் ஏன் இறங்குகிறது?

கொருக்குப்பேட்டை_பட்டறை:
ஷீல்டட் ரூமுக்குள் (ரேடியோ அலை புகாத உலோக அறை) கரண்ட் போகும் ஃபில்டர் டப்பாக்களை சர்வீஸ் செய்கிறோம். உள்ளே இருந்த 0.1 மைக்ரோஃபாரட் ஃபீட்த்ரூவை (உலோகச் சுவரைத் துளைத்து உட்காரும் கெபாசிட்டர்) கழற்றி, சின்ன அலுமினியத் தகட்டில் நட்டு போட்டு முடுக்கி, இரண்டு பக்கமும் எஸ்எம்ஏ கனெக்டரிலிருந்து குட்டி வயர் இழுத்து நானோ விஎன்ஏவில் (சிக்னல் எவ்வளவு கடக்கிறது என்று அளக்கும் சின்ன மீட்டர்) இன்செர்ஷன் லாஸ், அதாவது நடுவில் இதைப் போட்டதால் சிக்னல் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தேன். 10 மெகாஹெர்ட்ஸில் 44 டெசிபல், 100-ல் 38தான். கேட்டலாக்கில் 100-க்கு 60 டெசிபலுக்கு மேல் போட்டிருக்கிறது. கெபாசிட்டர் போயிடுச்சா?

சால்டர்_புகை:
கெபாசிட்டர் மேல் பழி போடாதீங்க. மீட்டரின் 50 ஓமுக்குக் கணக்குப் போட்டால் 10-ல் 44தான் வரணும், வந்திருக்கு. 60 டெசிபல் என்றால் வோல்டேஜ் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் குட்டி வயர் இரண்டும் தகட்டைச் சுற்றி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டாலே அதைவிட அதிகம் கசியும். இரண்டு தகர டப்பாவை முதுகோடு முதுகாக ஒட்டி, நடுச்சுவரில் கெபாசிட்டரைப் போட்டு, மூடியையும் திருகுங்கள். நட்டு உட்காரும் இடத்தில் பெயின்ட் இருந்தால் சுரண்டணும். நம்ம பக்கம் கடல் காற்றில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும், எமரி போடாமல் முடுக்கினால் எர்த் பிடிக்காது. அளக்கும்போது கையைக் கேபிள் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள், ரீடிங் ஆடினால் இன்னும் கசிவு இருக்கிறது.

மணலி_டெக்:
மேலே சொன்னது சரி. ஆனால் முதலில் மீட்டரின் அடிமட்டத்தை (அதற்குக் கீழே அதனால் அளக்க முடியாத அளவு) பாருங்க: இரண்டு போர்ட்டிலும் 50 ஓம் லோடு மாட்டி எவ்வளவு காட்டுகிறது என்று. நானோவுக்கு 300 மெகாஹெர்ட்ஸ் வரை 70 டெசிபல் என்பார்கள், அதனால் 60-க்கு மேல் வருவதை அப்படியே நம்ப மாட்டேன். 100 டெசிபல் ஃபில்டர் என்றால் இந்த மீட்டர் வேலைக்கு ஆகாது.

ஓய்வு_லைன்மேன்:
50 ஓமில் எடுத்த எண் ஒரு ஃபில்டரை இன்னொன்றோடு ஒப்பிடத்தான். கரண்ட் லைன் எங்கே 50 ஓமில் இருக்கிறது? அதனால்தான் சிஸ்பர் 17-ல் (ஃபில்டரை அளக்கும் முறைக்கான சர்வதேசத் தரநிலை) 0.1 ஓம், 100 ஓம் வைத்தும் அளக்கச் சொல்கிறார்கள். சோக் (கோரில் சுற்றிய காயில்) உள்ள டப்பா என்றால் லோடு கரண்ட் ஓடும்போதும் அளக்கணும், கோர் சாச்சுரேட் ஆனால் (காந்தம் நிரம்பிப்போனால்) லாஸ் சரசரவென்று விழும். அப்புறம், கைவைக்கும் முன் டிஸ்சார்ஜ் பண்ணுங்க.

கொருக்குப்பேட்டை_பட்டறை:
டப்பா கட்டி, மூடி ஓரத்தில் காப்பர் டேப் ஒட்டினேன். 100-ல் 60 தாண்டிவிட்டது! ஆனால் ஃபில்டரை சைட்டில் மாட்டினால் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆகிறதே?

ஓய்வு_லைன்மேன்:
ஆகத்தான் செய்யும். டப்பாவில் எர்த்துக்குப் போகும் கெபாசிட்டன்ஸ் மொத்தம் 1 மைக்ரோஃபாரட் இருந்தாலே 230 வோல்ட்டில் 72 மில்லிஆம்பியர் கசியும், உங்கள் ஆர்சிசிபி 30 மில்லிஆம்பியர்தானே? ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்க. எர்த் வயரை மட்டும் கழற்றிவிடாதீங்க.