புதுப்பிப்பு: 10,000 ஆர்பிஎம் ராப்டரா, புது 7,200 ஆர்பிஎம் டிஸ்க்கா?

பழைய 74 ஜிபி ராப்டரை (வெஸ்டர்ன் டிஜிட்டலின் வேகமான ஹார்ட் டிஸ்க்) விண்டோஸ் இருக்கும் சிஸ்டம் டிரைவாக வைத்துக்கொள்வதா, 1 டிபி சாதாரண டிஸ்க்குக்கு மாறுவதா என்பதுதான் முன்பு எழுப்பிய கேள்வி. என் முடிவு: மாறலாம், ஆனால் டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்துப் பயன்படுத்துங்கள்.

டிஸ்க்கின் தட்டு அரைச்சுற்று சுற்ற 10,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) 3 மில்லி நொடி, 7,200இல் 4.17. படித்து எழுதும் தலை தேவையான இடத்துக்கு நகர ராப்டருக்கு ஏறத்தாழ 4.5 மில்லி நொடி, சாதாரண டிஸ்க்குக்கு 8.5 முதல் 9 வரை. ஆகவே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களில் ராப்டர்தான் இன்றும் முந்தும்.

பெரிய ஃபைல் என்றால் கதை வேறு. புது டிஸ்க்கில் ஒரே தட்டில் 1 டிபி அடங்குவதால் வெளி விளிம்பில் நொடிக்கு 150 எம்பிக்கு மேல் வரும். ராப்டர் 70ஐத் தாண்டவே திணறும். புது டிஸ்க்கிலும் உள் விளிம்பில் வேகம் பாதியாகிவிடும்; டிஸ்க்கின் தொடக்கப் பகுதி வெளி விளிம்பில்தான் இருக்கும். அதனால் முதல் 100 ஜிபியைத் தனிப் பார்டிஷனாக்கி (பகுதியாக்கி) சிஸ்டத்தை அங்கே போடுங்கள். தலை அலையும் தூரமும் குறையும்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்து பார்டிஷனை அப்படியே குளோன் (நகல்) செய்யாதீர்கள். அது 63ஆம் செக்டரில் (512 பைட் துண்டு) தொடங்கும். 4கே செக்டர் (4,096 பைட் துண்டு) டிஸ்க்கில் எல்லைகள் பொருந்தாததால், சின்னதாக எதை எழுதினாலும் முழுத் துண்டையும் படித்துத் திருத்தி எழுத வேண்டிவரும். 2048ஆம் செக்டரில் தொடங்குங்கள். வாங்கும்முன் எஸ்எம்ஆர் வகையா (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதுவது) என்றும் பாருங்கள், 7,200 ஆர்பிஎம் டிஸ்க்குகளிலும் அது உண்டு. அந்த வகையில் தொடர்ந்து எழுதும்போது கேஷ் பகுதி (முதலில் எழுதிவைக்கும் தற்காலிக இடம்) நிரம்பியதும் வேகம் படுத்துவிடும்.